மாலை போட்ட முகப்புப் பக்கம்

முள்ளுக்குறிச்சிக் கடைவீதியில் ஹபீப் ரஹ்மான் கடை என்றால் தகர ஷீட், பைப், பெயின்ட். அதை ஒட்டி, ஒரு காலத்தில் சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்த அறையில் அவருடைய மனைவி சலீமா கல்யாணப் பத்திரிகை அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அச்சடிப்பது ராசிபுரத்தில். எழுத்துக் கோத்து, பிள்ளையாரையோ பிறையையோ மேலே வைத்து, இரண்டு வீட்டு மனிதர்களையும் சண்டை வராமல் ஒரே தாளில் உட்கார வைப்பது இவள் வேலை. பாய் ஊட்டு அம்மாகிட்டப் போனால் பத்திரிகையில் யார் பேரும் விட்டுப்போகாது என்று அடிவாரத்து ஊர்களில் சொல்வார்கள். அதற்கு மேல் அவளைப் புகழ்ந்து யாரும் பேசியதில்லை. அவளும் எதிர்பார்த்தவள் இல்லை.

புகழ்ச்சி என்றாலே அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதற்குக் காரணம் அவள் முதன்முதலாகச் செய்த வெப்சைட்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் அவள் சனிக்கிழமைதோறும் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் வெப் டிசைன் படித்து முடித்திருந்தாள். லாரி டிரான்ஸ்போர்ட் நடத்தும் ஒருவர், மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர், நமக்கும் ஒரு வெப்சைட் இருக்கட்டுமே என்றார். படம் வரைந்து காட்டினாள். சூப்பருங்க என்றார். செய்து முடித்துக் காட்டினாள். அதற்கும் சூப்பருங்க. ஒரு வருஷம் கழித்து ஏதோ வேலையாக அதைத் திறந்து பார்த்தபோதுதான், கொட்டை எழுத்தில் போட்டிருந்த போன் நம்பரில் ஒரு எண் தப்பாக இருந்தது அவள் கண்ணில் பட்டது. அத்தனை நாளும் அப்படியே நின்றிருக்கிறது. அவள் பதறிப்போய் அவரிடம் ஓடினாள். அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பாள், அழுது ஆறியும் இருப்பாள். அவரோ, "அதுக்கென்னங்க அம்மிணி, மெதுவா மாத்திக்கலாம். நல்லாத்தான் இருக்குது" என்றார்.

நல்லாத்தான் இருக்குது என்ற சொல்லுக்கு, நான் அதைப் பார்க்கவே இல்லை என்று ஒரு பொருள் உண்டு என்பதை அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

இரண்டு வருஷம் வேறு வெப்சைட் எதுவும் அமையவில்லை. அதன் பிறகு மலையிலிருந்து மணிவண்ணன் வந்தான். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; இவன் பெரக்கரை நாட்டுக்காரன், காலேஜ் முடித்தவன், மிளகும் சாமையும் விளைவிக்கிற விவசாயிகள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்குச் செயலாளர். அவன் கல்யாணப் பத்திரிகையும் சலீமா அமைத்ததுதான். சங்கத்தில் பெரக்கரை நாட்டுக்காரர்களும் வாழவந்தி நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். வெளியூர் வியாபாரிகள் சரக்கைப் பார்த்து நேரடியாகக் கேட்பதற்கு ஒரு வெப்சைட் போட்டுக்கொள்ளுங்கள், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் சொல்லியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: உறுப்பினர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

அன்று சாப்பிடும்போது சலீமா புருஷனிடம் தன் மனதைச் சொன்னாள். இதுவும் லாரிக்காரர் வெப்சைட் மாதிரி யாரும் பார்க்காமல் கிடந்தால், இனி வெப்சைட் பக்கமே போவதில்லை, பத்திரிகையோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவுசெய்திருந்தாள். ஹபீப் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"அப்ப அந்த ரூமுல பாதியில சிமென்ட் அடுக்கிக்கலாமா?"

"அடுக்குங்க. என்னையும் ஒரு மூட்டையா நெனச்சு ஓரமா சாத்தி வெச்சிருங்க."

அவர் சிரித்தார். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது.

வேலையை எதில் தொடங்குவது என்பதுதான் முதல் கேள்வி. கட்டுவதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். அதை எதில் காட்டுவது? அவளுடைய தம்பி ரமீஸ் பெங்களூரில் வெப்சைட் கம்பெனி ஒன்றில் இருந்தான். அவன் போனில் தயக்கமே இல்லாமல் சொன்னான்: போட்டோஷாப்பில் அச்சு அசலாகப் படம் வரைந்து காட்டு, அவர்கள் சரி என்றதும் வெப்சைட் கட்டுகிற டிரீம்வீவரில் கட்டு, உலகமே அப்படித்தான் செய்கிறது. உலகம் செய்வதை மறுக்க முள்ளுக்குறிச்சியில் அவளிடம் காரணம் எதுவும் இல்லை.

அவளுடைய கம்ப்யூட்டர் பழையது. போட்டோஷாப் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இருந்தாலும் வரைந்தாள். மேலே அருவி, அதன்மேல் சாய்ந்த எழுத்தில் சங்கத்தின் பெயர், பக்கவாட்டில் மிளகுக் கொடி, நடுவே நாடுவாரியாக ஊர்களின் பட்டியல். உண்மையைச் சொன்னால் நன்றாகவே வந்திருந்தது. ராசிபுரத்தில் பெரிய தாளில் கலர் பிரின்ட் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். சங்கக் கட்டடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தாள் கைமாறிக் கைமாறிப் போனது. விளிம்பை மட்டும் தொட்டுப் பிடித்தார்கள். நல்லா இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க என்று அறை முழுக்க ஒரே பேச்சு. சலீமாவுக்கு லாரிக்காரர் நினைவு வந்தது. தாளைத் தலைவர் மாணிக்கத்திடம் கொடுத்து, ஒரு சிவப்புப் பேனாவையும் கூடவே வைத்து, வேண்டாததை அடித்து வையுங்கள், அடுத்த முறை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அடுத்த முறை போனபோது தாள் சுவரில் இருந்தது. லேமினேஷன் போட்டு, சட்டம் அடித்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு. அருவியின் நெற்றியில் குங்குமம். மேலே சாமந்தி மாலை, அன்றைக்குப் போட்டதுதான். சிவப்புப் பேனா, மூடி கழற்றப்படாமல், படத்தின் கீழே பலகையில் பத்திரமாக இருந்தது.

மாணிக்கம் அவளை வரவேற்று உட்கார வைத்தார். அறுபதை ஒட்டிய மனிதர். மிளகு காய்கிற களத்தில் குரலை உயர்த்துவாரே தவிர, மற்ற இடங்களில் மெதுவாகத்தான் பேசுவார்.

"தாளா இருந்தாக் கசங்கிப் போகுமுங்க. அதான் ராசிபுரம் போனப்பவே லேமினேசன் போட்டுட்டு வந்துட்டேன்."

"எழுதத்தானுங்க குடுத்தேன். எது வேண்டாம், எது மாத்தோணும்னு."

"இதும் மேலயா? எப்படிங்க மனசு வரும்?"

"யாருக்குமே ஒரு குறையும் தோணலீங்களா?"

மாணிக்கம் சிறுபிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "கூரை போட்டு முடிச்ச ஊட்டுக்குப் போறோம். வாசப்படி கோணலா இருக்குதுன்னே வெச்சுக்குங்க. சொல்லுவமா? நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டு, காப்பித்தண்ணி குடிச்சிட்டு வருவோம். அதுதானுங்க மொறை."

"கூரை இன்னும் போடலீங்களே. இது வெறும் படமுங்க."

அவர் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடக்கமாகப் பேசுகிறவர்களைப் பெரியவர்கள் பார்க்கிற பார்வை அது. வேண்டுமானால் இப்போதே எல்லோரையும் கூட்டிச் சரி என்று சொல்லச் சொல்கிறேன், தொண்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடலாம் என்றார். சலீமா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சாமந்தி மாலை கண்ணில் ஆடியது. உயிரோடு இருக்கிற ஒருவருடைய படத்துக்கு மாலை போட்டு மாட்டிய மாதிரி அவளுக்கு இருந்தது.

ரமீஸிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் சிரித்தான். பிறகு, "அக்கா, சரின்னு சொல்றாங்கல்ல? கட்டிக் குடுத்துட்டு வா. உனக்கு என்ன?" என்றான். தனக்கு என்ன என்பதை அவளால் போனில் விளக்க முடியவில்லை.

சரி, படம் அசையாமல் நிற்பதால்தான் சுவருக்குப் போய்விட்டது, அசைகிற மாதிரி காட்டினால் என்ன என்று யோசித்தாள். பவர்பாயின்ட்டில் அதே பக்கங்களை வைத்து, ஒன்றைத் தொட்டால் அடுத்தது வரும்படி செய்தாள். ஹபீப்பின் டெம்போவில் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கங்கள் இடமிருந்தும் வலமிருந்தும் பறந்து வந்து நின்றன. கூட்டம் வாயைத் திறக்காமல் பார்த்தது. முடிந்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பொன்னாயி, பெரக்கரை நாட்டில் சாமை விளைவிக்கிற பெண்களுக்கெல்லாம் தலைமை போல இருந்தவள், "மறுக்கா மொதல்ல இருந்து போடு கண்ணு, அருவி வர்ற எடத்துல முன்னால தலை மறைச்சிருச்சு" என்றாள். மறுபடி போட்டாள். கை தட்டினார்கள். மாலை போட மானிட்டரில் இடம் இல்லாததால் தப்பித்தது.

அன்று கூட்டத்துக்கு வாழவந்தி நாட்டுக்காரர்கள் குறைவாகத்தான் வந்திருந்தார்கள். மாணிக்கம் அதைப் பற்றிக் கேட்டதற்கு மணிவண்ணன், அறுப்பு வேலையாக இருக்கும் என்றான். சலீமா அதைக் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முந்திய வாரம், முகூர்த்த நெருக்கடி. தை மாதக் கல்யாணங்களுக்கெல்லாம் பத்திரிகை. ஒரு நாள் காலையில் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கடைக்கு வந்தது. முதலில் மாதிரி ஆல்பத்தைப் புரட்டினார்கள். தங்க எழுத்து, பட்டு ரிப்பன். ஒவ்வொன்றையும் நல்லா இருக்குது என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார்கள். பிறகு சலீமா அவர்களுடைய பத்திரிகையின் புரூஃபை, அச்சுக்குப் போகும் முன் திருத்துவதற்கான தாளை, எடுத்துக் கொடுத்தாள். அவள் புரூஃப் எடுப்பது எப்போதும் ஒருபக்கம் பயன்படுத்திய தாளின் பின்பக்கத்தில்தான். மை மங்கலாக வரும். பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்.

அவ்வளவு நேரம் விருந்தாளிகள் போல உட்கார்ந்திருந்தவர்கள் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். தாய்மாமன் பேர் ஏன் கீழே போனது? பெரியப்பா பட்டம் எங்கே? அண்ணன் தம்பிகளில் சின்னவர் பேனாவைப் பிடுங்கி ஒரு வரியை அடித்தார். அவர் மனைவி அந்த அடித்தலை அடித்தாள். நீ எழுதினால் உன் வீட்டு ஆள் பேர்தான் முன்னால் வரும் என்று ஒருவர் சொல்ல, உன் வீடு என் வீடு என்று எப்போது பிரிந்தது என்று இன்னொருவர் கேட்க, தாள் ஒரு மூலையில் கிழிந்தது.

சலீமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சண்டையை அவள் நூறு முறை பார்த்திருக்கிறாள். ஆனால் பார்த்ததை யோசித்தது அன்றைக்குத்தான். மேசையின் இந்தப் பக்கம் ஆல்பம், அந்தப் பக்கம் புரூஃப். மனிதர்கள் அதே மனிதர்கள்தான். முடிந்துபோன பொருளின் முன்னால் மனிதன் விருந்தாளி ஆகிவிடுகிறான்; முடியாத பொருளின் முன்னால்தான் வீட்டுக்காரனாக நிற்கிறான். பல வருஷமாகத் தாளைச் சிக்கனம் செய்கிறோம் என்று நினைத்துத்தான் அவள் பழைய தாளில் புரூஃப் எடுத்துவந்தாள். அந்தச் சிக்கனம் வேறொரு வேலையையும் செய்துவந்திருக்கிறது. மலைக்கு அவள் கொண்டுபோனது இரண்டு முறையும் ஆல்பம். புரூஃப் இன்னும் போகவே இல்லை.

அந்தக் குடும்பம் போனதும் ரமீஸைக் கூப்பிட்டாள்.

"எனக்கு அசிங்கமா வரோணும். தொட்டா அடுத்த பக்கத்துக்கும் போகோணும். அவங்க சொன்னா அங்கயே மாத்தோணும். எதுல செய்யறது?"

"அசிங்கமாவா?"

"ஆமா. மாலை போட மனசு வரக்கூடாது."

அவன் யோசித்துவிட்டு, அவ்வளவுதான் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரோடு சும்மா வருகிற ஃப்ரண்ட்பேஜே போதும், ஆனால் அந்தப் பேரைத் தன் ஆபீஸில் சொன்னால் சிரிப்பார்கள் என்றான். சிரிக்கட்டும் என்றாள் சலீமா. அவர்கள் ஆபீஸில் காட்டப்போவதில்லையே.

ஃப்ரண்ட்பேஜ் அவள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது, யாரும் திறந்ததில்லை. திறந்ததும் அது அவளுக்குப் பின்னணி வேண்டுமா, அலங்காரம் வேண்டுமா என்று கேட்டது. எல்லாவற்றையும் வேண்டாம் என்றாள். கட்டங்களின் கோடுகளை மறைக்காமல் விட்டாள். நிறமே இல்லை. அருவியின் இடத்தில் ஒரு கட்டம் போட்டு உள்ளே 'அருவி' என்று எழுதினாள். மிளகுக்கு ஒரு கட்டம். ஒரு சொல்லைத் தொட்டால் அடுத்த பக்கம் வரும், அதுவும் கட்டங்கள்தான். முடித்துவிட்டுப் பார்த்தபோது அவளுக்கே வருத்தமாக இருந்தது. ஹபீப் எட்டிப் பார்த்துவிட்டு, கோடவுன் பிளான் மாதிரி இருக்குதே என்றார். அந்த வார்த்தை அவளுக்குத் தெம்பாக இருந்தது.

மறுபடியும் டெம்போ. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலைப்பாதை வளைவுகள் தொடங்கியதும், பழைய கம்பளியில் சுற்றிய மானிட்டரை சலீமா மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஹபீப் ஒரு கண்ணால் சாலையையும் ஒரு கண்ணால் அவளையும் பார்த்தபடி ஓட்டினார்.

"என்னை ஒருநாளாச்சும் இப்படிப் புடிச்சிருக்கறயா?"

"நீங்க விழுந்தா உடையமாட்டீங்க. ரோட்டைப் பாருங்க."

மேலே குளிர். சங்கக் கட்டடத்தில் எல்லோரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாழவந்தி நாட்டிலிருந்து அர்த்தனாரி என்ற ஒருவர் மட்டும் வந்து, வாசல் ஓரமாகச் சுவரில் சாய்ந்திருந்தார். மாலை போட்ட படம் அதன் இடத்தில் இருந்தது. சலீமா மானிட்டரை அதற்கு நேர் கீழே வைத்தாள்; வேண்டும் என்று வைக்கவில்லை, பிளக் அங்கேதான் இருந்தது.

கட்டங்கள் திரையில் வந்தன. மாணிக்கம் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான துக்கம்.

"ஏனுங்க, பழசு அழிஞ்சு போச்சுங்களா? ஒண்ணு நம்மகிட்ட இருக்குது. கழட்டித் தரட்டுங்களா?"

"அழியலீங்க. அது அப்படியே இருக்கட்டும்." சலீமா திரையைக் காட்டினாள். "இது கூரை போடாத ஊடுங்க. செவுரு கூட எழுப்பல. கயிறு புடிச்சு கோலு நட்டிருக்குது, அவ்வளவுதான். வாசப்படி எங்கன்னு இப்பச் சொன்னா வெச்சிரலாம். கூரை போட்டப்பறம் நீங்க சொல்லமாட்டீங்க."

ஹபீப் கதவோரம் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பொன்னாயிதான் தொடங்கினாள்.

"அருவி எங்க கண்ணு?"

"இந்தப் பொட்டிக்குள்ளதான் வரும் அம்மா."

"அத்தாம் பெரிய பொட்டியா? எதுக்கு? மொளகு வாங்கறவன் அருவியில குளிக்கவா வாரான்?"

சிரிப்பு எழுந்தது. சலீமா ஃப்ரண்ட்பேஜில் அருவிக் கட்டத்தைப் பிடித்து இழுத்து, எல்லோர் கண் முன்னாலும் பாதியாகக் குறைத்தாள். அந்த ஒரு இழுப்பு போதுமானதாக இருந்தது. சொன்னால் மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். போர்வைகள் விலகின. சங்கத்துப் போன் யார் எடுப்பது, எடுக்க ஆள் இல்லாத நம்பரை எதற்குப் போடுவது என்று ஒருவர். தேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று ஒரு பெண். மணிவண்ணன் போட்டோ எதற்கு, அவன் என்ன விளைச்சலா என்று பின்னாலிருந்து ஒரு குரல். மணிவண்ணனே சிரித்துக்கொண்டு அதை எடுத்துவிடச் சொன்னான்.

அப்போது வாசல் ஓரத்திலிருந்து அர்த்தனாரி கேட்டார், மரியாதையாக, ஆனால் எழுந்திருக்காமல்.

"வாழவந்தி நாடு எங்கீங்க இருக்குது?"

சலீமா பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டு போனாள். கடைசியில் இருந்தது.

"அடியில," என்றார் அவர். "மொதப் படத்துலயும் அடியிலதான் இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

"மாலை போட்டு வெச்சிருந்தாங்க. அதும் மேல என்னத்தைங்க சொல்றது? அதான் எங்காளுக வரலை."

கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயரைக்கூடக் கேட்காமல் வைக்காதவள் அவள். இங்கே, கூட்டம் பெரக்கரையில் நடக்கிறது என்பதற்காகவே பெரக்கரை நாட்டை மேலே போட்டு, கை போன போக்கில் வாழவந்தியை அடியில் போட்டிருந்தாள். அழகு செய்கிற அவசரத்தில் மனிதர்களை மறந்திருந்தாள். மிளகுக் கொடியின் இலைக்கு நரம்பு வரையச் செலவழித்த நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்திருந்தால் போதும்.

இப்போது அறையில் இரண்டு நாடுகளும் பேசின. வாழவந்திக்கு அர்த்தனாரி ஒருவர்தான். அவரே போதுமானவராக இருந்தார். சங்கம் தொடங்கியது யார், உறுப்பினர் யாருக்கு அதிகம் என்றெல்லாம் பழைய கதைகள் வந்தன. மணிவண்ணன் நடுவில் புகுந்து, வம்பே வேண்டாம், அகர வரிசையில் போட்டுவிடலாம் என்றான். அர்த்தனாரி விரலை மடக்கி எழுத்துகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அதுலயும் நீங்கதானப்பா முன்னால வாறீங்க" என்றார். பெரக்கரைக்காரர்களே வாய்விட்டுச் சிரித்தார்கள்.

பொன்னாயிக்குப் பொறுமை போய்விட்டது. "பேரை மேல போட்டுட்டா சரக்கு வந்துருமாக்கும். கையில இப்ப எவங்கிட்டச் சரக்குக் கெடக்குதோ அவன் பேரை மேல போடு. ஒண்ணுமில்லாதவன் மேல நின்னு என்ன பண்ணப்போறான், வேடிக்கை பாக்கறதுக்கா?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். சிரிப்பும் வந்தது. ஆனால் சிரிப்பு அடங்கியபோது எல்லோரும் சலீமாவைப் பார்த்தார்கள், ஏனென்றால் சலீமா சிரிக்கவில்லை. அவள் வாழவந்தி நாட்டு வரிசையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப யாருகிட்ட என்னங்க இருக்குது?" என்று கேட்டாள்.

சாமை அறுத்து முடிந்திருந்தது. வாழவந்தியில் மூட்டை மூட்டையாக இருந்தது. அர்த்தனாரி சொல்ல, பெரக்கரைக்காரர்களும் அதை மறுக்கவில்லை. பொன்னாயி தரப்பில் கொஞ்சம்தான். பெரக்கரை மிளகு இன்னும் கொடியில் பச்சையாக நின்றது. சலீமா அருவிக் கட்டத்தையே தூக்கி உள் பக்கத்துக்கு அனுப்பினாள். அது இருந்த இடத்தில் 'இப்போது இருப்பது' என்று எழுதி, கீழே சாமை, அதற்கு எதிரே வாழவந்தி நாடு என்று வைத்தாள்.

அர்த்தனாரி எழுந்து வந்தார். திரையை நெருங்கி நின்று படித்தார். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, வாசல் ஓரத்துக்குத் திரும்பாமல் அங்கேயே முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"மாசியில நாங்க மேல வந்துருவோம்," என்றாள் பொன்னாயி அவரிடம்.

"வாங்க. அப்பறம் பலாவுக்கு நாங்க வாறோம்."

இனி முகப்பு எந்த ஊருக்கும் சொந்தம் இல்லை, பருவத்துக்குச் சொந்தம். அதைப் போட்டோஷாப்பில் யோசித்திருக்க முடியாது என்று இல்லை. ஆனால் அங்கே அதைச் சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்காது.

கூட்டம் முடியும்போது மாணிக்கம் வழக்கப்படி, எல்லோரும் ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். வாழவந்தி ஆட்களும் வந்து பார்க்க வேண்டும், தேனுக்கு ஒரு இடம் வேண்டும், இன்னொரு முறை கூட வேண்டும் என்றார்கள். மாணிக்கம் சலீமாவிடம் திரும்பி மன்னிப்புக் கேட்கிற குரலில், தப்பா நினைச்சுக்காதீங்க என்றார். அவள் தலையை அசைத்தாள். அவ்வளவு பேர் சேர்ந்து 'இல்லை' என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மானிட்டரைக் கம்பளியில் சுற்றும்போது ஹபீப் மெதுவாக, "சிமென்ட் அடுக்க வேண்டாமாட்ட இருக்குது" என்றார்.

இன்னும் இரண்டு முறை கூடினார்கள். இரண்டு முறையும் கட்டங்கள் இடம் மாறின, சத்தம் கூடியது, வாழவந்தி நாட்டுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். கடைசியில் எல்லோரும் அலுத்துப்போய்ச் சரி என்றார்கள். அந்தச் சரியை அவள் நம்பினாள். அதன் பிறகுதான் டிரீம்வீவரைத் திறந்தாள், நிறம் பூசினாள். புரூஃபுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று ரமீஸிடம் சொன்னபோது, அவன் தன் ஆபீஸிலும் ஒருமுறை கட்டம் போட்டுக் காட்டிப் பார்க்கப்போவதாகச் சொன்னான். செய்தானா என்று தெரியாது. மாலை போட்ட படத்தை யாரும் கழற்றவில்லை. அதைக் கழற்றச் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. மிளகு முதல் பறிப்பு அன்று அதற்கும் ஒரு பூ வைத்ததாக மணிவண்ணன் சொன்னான்.

மாசியில் மிளகு மேலே ஏறியது. பங்குனி போய்ச் சித்திரை போனது. வெப்சைட் நெட்டில் இருந்தது. யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மோசம் என்றும் சொல்லவில்லை. போன் எப்போதாவது அடித்தால் கல்யாணப் பத்திரிகைக்குக் கேட்கிறவர்கள்தான். சலீமா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. லாரிக்காரரின் தப்பான நம்பர் மட்டும் சில சமயம் நினைவுக்கு வரும்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம், அவள் சாப்பிட உட்காரும்போது போன் அடித்தது. மலைமேல் செம்மேட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அர்த்தனாரி. வணக்கம் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை.

"ஏனுங்க அம்மிணி, எங்க புள்ள யமுனா நாமக்கல் காலேஜுல பாத்துட்டு இப்பத்தான் சொல்லுது. மொளகு தீந்து ஒரு மாசம் ஆகுது, இன்னும் மேல நிக்குதாமா? இங்க பலா பழுத்து வெடிக்குது. நேத்து ஈரோட்டுக்காரர் ஒருத்தர் சங்கத்துக்குப் போன் போட்டு மொளகு கேக்கறாரு. இல்லாத சரக்கைக் கேட்டு வாங்கித் தரச் சொல்றாரு. நீங்க அங்க என்னதான் பண்ணிட்டு இருக்கறீங்க?"

மணிவண்ணன் மாதாமாதம் சொல்வதாக ஏற்பாடு, இந்த மாதம் சொல்லவில்லை என்பதை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்புதானுங்க, இப்பவே மாத்தறேன் என்றாள். இப்பவேன்னா எப்போ என்று அவர் கேட்டார். சோறு திங்கறதுக்கு முன்னாலயே என்றாள். சரி என்று வைத்துவிட்டார். நன்றி எல்லாம் சொல்லவில்லை.

ஹபீப் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரு?"

"வாழவந்தியில இருந்து. பாத்துட்டுத் திட்டறாங்க."

அவர் எதிரே பரிமாறி வைத்திருந்த அவள் தட்டை இழுத்து, ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடி வைத்தார்.

சலீமா பக்கத்து அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். மோடம் கீச்சிட்டு லைன் கிடைக்கும்வரை நின்றுகொண்டே காத்திருந்தாள். மிளகைக் கீழே இறக்கினாள். பலாவை மேலே ஏற்றி, அதற்கு எதிரே வாழவந்தி நாடு என்று அடித்தாள். போன் நம்பரை மட்டும் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாக மறுபடி சரிபார்த்தாள்.